டீ ஆறுவதற்குள் யாருக்குச் சொல்வது?

1

நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த அன்றுதான், என் வேலை போய்விடும் என்று ஏறக்குறைய முடிவானது. ஜெர்மனியில் இப்படிப்பட்ட நாட்களில் யாருக்கு விசேஷமோ அவர்தான் கேக் வாங்கி வர வேண்டும். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வாழ்த்துவார்கள். நானும் ஒரு ஆப்பிள் கேக்கோடு ஆபீஸுக்குப் போயிருந்தேன். அது பாதி வெட்டப்பட்டு மேசையில் இருக்கும்போதே எங்கள் துறைத் தலைவி லிண்டமான் அம்மையார் என்னைத் தனியே கூப்பிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன் என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு விஷயத்தைச் சரிசெய்யாவிட்டால் அந்த வேலையை வெளிக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் ஒப்பந்தம் அதோடு முடியும். சரிசெய்துவிட்டால், இத்தனை வருஷமாக ஒப்பந்தத்தின் மேல் ஒப்பந்தமாக ஓட்டிக்கொண்டிருக்கும் என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வார். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாஷையில் சொன்னால் பெர்மனண்ட். கூடலூர் மலையில் ஓவேலிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் எடையை நான் விளக்க வேண்டியதில்லை.

கேக் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன், அதன் ருசி மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

2

ஊரில் இருந்து படிக்கும் உங்களுக்கு என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவே இன்னும், "எம்மவ ஆசுபத்திரியில கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்குறா" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். அது ஒன்றும் பெரிய தப்பில்லை.

நான் இருப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இங்கே கம்ப்யூட்டர் மட்டுமல்ல, பிரிண்டர், ஸ்கேன் மெஷின், மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ், ரத்தம் வைக்கும் ஃப்ரிட்ஜ் எல்லாமே நெட்வொர்க்கில் இணைந்திருக்கின்றன. அத்தனையையும் கண்காணிக்க ஒரு மென்பொருள் உண்டு. எதிலாவது கோளாறு என்றால் அது எங்கள் போனுக்கு ஒரு அலர்ட் அனுப்பும். எந்தக் கோளாறைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும், எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்கிற விதிகளை அதற்குள் எழுதி வைப்பது என் வேலை.

நான் சேர்ந்தபோது அந்த மென்பொருள் வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தாலும் மணி, ரத்த ஃப்ரிட்ஜ் சூடானாலும் அதே மணி. யாராவது ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து மூடினால்கூட உள்ளே சூடு ஏறிவிட்டது என்று ஒப்பாரி வைக்கும். மனுஷர்கள் என்ன செய்வார்கள்? எல்லோரும் போனைச் சைலண்டில் போட்டுவிட்டார்கள். ஒரு முறை மருந்து ஃப்ரிட்ஜ் நிஜமாகவே நின்றுபோன செய்தி, பேப்பர் தீர்ந்த செய்திகளுக்கு நடுவில் அரை நாள் கேட்பாரற்றுக் கிடந்தது. அன்று அதற்குள் பெரிதாக எதுவும் இல்லாததால் தப்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தலைவலியைத் தூக்கிப் புதிதாக வந்த என் தலையில் வைத்தார்கள்.

இந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். அடக்கமாகச் சொல்ல மனசு வரவில்லை. கதவு திறந்ததால் ஏறும் சூடு தானாக இறங்கிவிடும், அதனால் சற்றுப் பொறுத்துப் பார்த்தபின்தான் அலர்ட் என்று எழுதினேன். பிரிண்டர் பேப்பர் யாருடைய போனுக்கும் போகக் கூடாது, காலையில் ஒரே பட்டியலாக வந்தால் போதும் என்றேன். வீட்டில் ஃப்யூஸ் போனால் பல்பும் மிக்ஸியும் டிவியும் தனித்தனியாக வந்து புகார் சொல்லத் தேவையில்லை அல்லவா? அதுபோல, ஒரு தளத்துக்கு இணைப்புக் கொடுக்கும் கருவி நின்றுவிட்டால் அதைப் பற்றி மட்டும் ஒரு செய்தி வரட்டும், அதன் பின்னால் இருக்கும் அத்தனையும் வாயை மூடிக்கொள்ளட்டும் என்று அமைத்தேன். பராமரிப்பு நடக்கும் நேரத்தில் வேண்டுமென்றே நிறுத்திய மெஷினுக்காக யாரையும் எழுப்பக் கூடாது என்றேன். சில வாரங்களில் ஆபீஸில் ஒரு புது அமைதி வந்தது. ஆட்கள் போனை மறுபடியும் சத்தத்தில் போட்டார்கள். சத்தம் வந்தால் விஷயம் இருக்கிறது என்று நம்ப ஆரம்பித்தார்கள்.

எந்தச் சத்தத்தை அனுப்புவது என்பதில் நான் தேறிவிட்டேன். யாருக்கு அனுப்புவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

3

கேக் கொண்டுபோன அன்று காலையில் ஒரு ஒத்திகை வைத்திருந்தார்கள். ரத்த ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனால் செய்தி எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கு. உண்மையில் ஃப்ரிட்ஜை நிறுத்த முடியாது. ஆகவே அதன் வெப்பமானியை வெளியே எடுத்து ஏதாவது சூடானதில் வைக்கலாம் என்றார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ஹாத்திஜே தன் டீ கிளாஸை நீட்டினார். துருக்கியக் குடும்பத்துப் பெண், என் வயதுதான், எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடி கிளாஸில் பால் இல்லாத கட்டன் டீ குடித்துக்கொண்டே இருப்பார். வெப்பமானி அந்த டீயில் இறங்கியது. தேயிலை விலை விழுந்து எங்கள் குடும்பங்களை ஊர் ஊராகத் துரத்தியது ஒரு காலம். இங்கே வந்தும் ஒரு கிளாஸ் டீ எனக்குப் பரீட்சை வைக்கும் என்று யார் கண்டது!

என் விதிப்படி அலர்ட் கிளம்பியது. முதலில் எங்கள் குழுவில் அன்று முறையில் இருந்த பையனுக்குப் போனது. அவன் பார்த்துவிட்டு மூத்தவருக்கு அனுப்பினான். மூத்தவர் குழுத் தலைவருக்கு. குழுத் தலைவர் துணைத் தலைவருக்கு. அவரிடமிருந்து லிண்டமான் அம்மையாருக்கு. அவரிடமிருந்து பரிசோதனைக் கூடத்து அலுவலகத்துக்கு, அங்கிருந்து தலைமை மருத்துவருக்கு, கடைசியாகக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு. ஒருவரும் தாமதிக்கவில்லை. ஒருவரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவருக்குப் பதவிசாகச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

ஹாத்திஜே ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ரத்தப் பைகளைப் பக்கத்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றக்கூடிய ஒரே ஆள் அங்கே அவர்தான். அவருக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது கிளாஸைத் தொட்டுப் பார்த்தார்.

"டீ ஆறிப்போச்சு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். லிண்டமான் அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில், அலர்ட் போகும் வழியை நான் வரைந்திருந்த படத்தை மேசையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். கேலி பேசுவதற்கென்றே பிறந்தவர். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒரு ஃப்ரிட்ஜுக்கு எதுக்குங்க இத்தன மேஸ்திரி?"

எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்ன பிறகுதான் நான் வரைந்தது எனக்கே தெரிந்தது. அதைக் கட்டியது இந்த ஊரில் படித்த படிப்பல்ல. வேலை வாங்கும் மேஸ்திரியிடம் சொல், மேஸ்திரி கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்வார், ரைட்டர் ஃபீல்டு ஆபீசரிடம் சொல்வார், ஃபீல்டு ஆபீசர் தோட்டத்து மேனேஜரான துரையிடம் சொல்வார். யாருடைய தலைக்கு மேலேயும் போகக் கூடாது. இதைத்தானே ஓவேலியில் நடக்கக் கற்ற நாளிலிருந்து கற்றுக்கொண்டேன்? பாம்பு கடித்தாலும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஜெர்மன் பாஷையில் மரியாதைக்கு ஒரு 'நீங்கள்', நெருக்கத்துக்கு ஒரு 'நீ' உண்டு. நான் வந்த புதிதில் கூட வேலை செய்தவரின் நாயைக்கூட 'நீங்கள்' என்று அழைத்தவள். அந்த மரியாதையை அப்படியே மென்பொருளுக்குள்ளும் எழுதி வைத்திருக்கிறேன்.

4

அம்மா குழந்தையாக இருந்தபோது அவள் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து ஓவேலியில் குடியேறியது. அம்மா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. தோட்டத்தில் மற்றவர்கள் கிரெஷ் என்பார்கள், அம்மா இன்றும் சிலோன் வழக்கில் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வாள். அவளுடைய வேலை டெம்பரவரி. அவளைப் பெர்மனண்ட் ஆக்குவதாகப் பேச்சு எழுந்த வருஷம்தான் தேயிலை விலை விழுந்தது. ஏற்கனவே பெர்மனண்டாக இருந்தவர்களையே கணக்கு முடித்து டெம்பரவரியாகத் திரும்ப எடுத்தார்கள். ஃபேக்டரி ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் மூடிக் கிடந்தது. பறித்த கொழுந்துக்கு ஆள் கூலிகூடத் தேறவில்லை என்றார்கள். தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த பாடி பாதி காலியாகி, குடும்பங்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போயின.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒரு மழைக்காலத்துக் காலை, பள்ளிக்கு லீவு விட்டிருந்ததால் அம்மாவுக்குத் துணையாகப் பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். அறையின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டியிருக்கும். சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிவது வழக்கம்தான். அன்று அந்தத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது, மேடு உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அம்மா பாயை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய், குடைபிடித்து நின்ற மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் மலையாளம் கலந்து பேசுவார்.

"நான் ரைட்டர்கிட்ட பறைஞ்சுக்கிறேன். நீ போய்ப் புள்ளைங்களப் பாரு."

"ரைட்டரு எங்கங்க?"

"கூடலூர் போயிருக்காரு. உச்சைக்கு வந்துருவாரு."

அம்மா உள்ளே வந்தாள். மத்தியானத்துக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது, சிவப்புத் தண்ணீர் நிற்கவில்லை. பிறகு, என்னைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினாள்.

ஃபேக்டரி முற்றத்தில், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில், கையால் சுற்றும் சங்கு ஒன்று இருந்தது. ஃபேக்டரி ஓடாத நாளில் அது ஊதாது. பெரட்டுக்கும் சாப்பாட்டுக்கும் தவிர அதைத் தொட யாருக்கும் உரிமையில்லை. டெம்பரவரி ஆயாவுக்குக் கனவிலும் இல்லை. அம்மா அதைச் சுற்றினாள். நிறுத்தாமல் சுற்றினாள்.

மலை முழுக்கச் சங்குச் சத்தம். கூடையை வீசிவிட்டுப் பெண்கள் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் ஓடி வந்தார்கள். அறை நிறையச் சேறு, அழுகை, அதட்டல். யார் பிள்ளை யார் பிள்ளை என்று பார்க்காமல் கைக்கு வந்ததைத் தூக்கினார்கள். நடக்கத் தெரிந்த என்னையே ஒரு அக்கா இடுப்பில் வாரிக்கொண்டு ஓடினாள். அறை காலியான பிறகுதான் ரெயின்கோட் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு துரை வந்து சேர்ந்தார்.

அன்று ஒன்றும் விழவில்லை. மழை வெறித்து, மேடு அப்படியே நின்றது. யாரைக் கேட்டுச் சங்கை ஊதினாய் என்று அம்மாவைக் கேட்டார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். பாடியில்கூடச் சிலர் நக்கலடித்தார்கள். ஆனால் பிள்ளைகளை மறுபடி அந்த அறையில் விட ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல், கொழுந்து வாட்டுவதற்கென்று ஃபேக்டரி மேல்மாடியில் இருந்த காலித் தொட்டிகளில் பாய் விரித்துப் பிள்ளைகளை விட்டார்கள். தேயிலை வந்திருந்தால் அந்த இடம் கிடைத்திருக்காது.

அந்த வாரம் முடிவதற்குள் பின்சுவர் அறைக்குள் சரிந்தது. உள்ளே காலிப் பாய்கள் மட்டும்தான் இருந்தன. அம்மாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். டெம்பரவரியாகத்தான். கடைசி நாள் வரை டெம்பரவரியாகவே இருந்து வேலையை விட்டு நின்றாள்.

இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. என் அம்மா அவள்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது அம்மாவிடம் நேராகவே கேட்டேன். அவள் இருக்கும் பாடியில் குழாயடியில் நின்றால்தான் டவர் கிடைக்கும். அதனால் எங்கள் குடும்பப் பேச்சு எல்லாம் குடத்தோடு நிற்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

"அம்மா, அன்னிக்கு ஏன் நேரா பங்களாவுக்குப் போகல? மேஸ்திரிய விட்டுட்டுப் போறதுன்னா தொரைகிட்டயே போயிருக்கலாமே?"

"பங்களாவுல ரெண்டு நாயி கெடக்கும் புள்ள. இம்புட்டு ஒசரம். அதுககிட்ட யாரு கடி வாங்குறது?"

நான் எதிர்பார்த்த பதில் இதுவல்ல. பெரிய வார்த்தை ஏதாவது வரும் என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அவ்வளவுதானா?"

"வேற என்னா? சங்கு கிட்டக்க இருந்துச்சி. சரி, பேத்திக்குச் சளி விட்டுருச்சா?"

நாய்க்குப் பயந்தோ எதற்கோ, அம்மா சரியான இடத்துக்குப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. துரையிடம் போயிருந்தால் துரைக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். பிள்ளையைத் தூக்கக் கையுள்ளவர்கள் தேயிலை மலையில் இருந்தார்கள். சங்கு அவர்களுக்குக் கேட்டது. அது யாருடைய பதவியையும் பார்த்து ஊதவில்லை.

திங்கட்கிழமை ஹாத்திஜேயிடம் போனேன். அலர்ட் முதலில் உங்கள் கூடத்து ஆட்களின் போனுக்கே வரட்டுமா என்று கேட்டேன். அவர் ஆஸ்பத்திரித் தொழிலாளர் குழுவிலும் உறுப்பினர். இந்த ஊரில் அந்தக் குழுவின் சம்மதம் இல்லாமல் ஊழியர்களைத் தொடும் எந்த மென்பொருளையும் மாற்ற முடியாது.

"போனுக்கு என்றால் முதலில் எதிர்ப்பவள் நான்தான்" என்றார் ஹாத்திஜே. "வேலை முடிந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது ஒரு ஃப்ரிட்ஜ் என்னைக் கூப்பிடக் கூடாது. குழுவில் வைத்தால் விவாதம் முடியவே இரண்டு மாதம் ஆகும்."

எனக்கு இருந்ததோ வெள்ளிக்கிழமை வரைதான்.

"போன் வேண்டாம். சுவரில் ஒரு மணி வைக்கலாமா?" என்று கேட்டேன். "ஆளுக்கு இல்லை, அறைக்கு. யார் அங்கே வேலையில் இருக்கிறார்களோ அவர்களுக்குக் கேட்கும். வீட்டுக்குப் போனவர்களைத் துரத்தாது. பைகளை மாற்றியபின் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்."

ஹாத்திஜே டீயை ஒரு மடக்குக் குடித்தார். "மணி என்றால் நான் தொழிலாளர் குழுத் தலைவரிடம் இன்றைக்கே பேசுகிறேன்" என்றார். "சத்தம் மட்டும் அசிங்கமாக இருக்கக் கூடாது."

குழு சம்மதித்தது, புதன்கிழமை மணியும் ஒரு சிவப்பு விளக்கும் சுவரில் ஏறின. விதிகளை மாற்றி எழுதினேன். சூடு ஏறி இறங்காமல் நின்றால் முதலில் அறையின் மணி. சில நிமிஷங்களில் யாரும் பொத்தானை அழுத்தாவிட்டால் மட்டும் எங்கள் குழுவில் அன்று முறையில் இருப்பவரின் போன். அறையே கையாண்டுவிட்டால் எங்கள் யாருக்கும் எதுவும் வராது, எல்லாம் முடிந்த பிறகு ஒரு வரிச் செய்தி மட்டும் தலைவிக்கும் எனக்கும்.

6

அன்றே இதை லிண்டமான் அம்மையாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. விதியை எழுதுவது சுலபம், எழுதியதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது இருக்கிறதே! கதவுக்கு வெளியே நின்று ஜெர்மன் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மேலாளருக்கு முன்னால் நான் கையைப் பிசைவது என் மகளுக்குக்கூடத் தெரியும். அவள் இங்கேயே வளர்ந்தவள், டீச்சரைப் பெயர் சொல்லி அழைக்கிறவள். "அம்மா, அவங்களும் ஒரு ஆளுதானே?" என்பாள், அதையும் ஜெர்மனில்.

உள்ளே போய்ப் புதுப் படத்தைக் காட்டினேன்.

"என் பெயர் எங்கே?" என்று கேட்டார்.

"கடைசியில்."

"நான் கடைசியிலா?"

"ஆமாம். உங்களுக்குச் செய்தி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேண்டுமானால் இரண்டாவதாகப் போட்டுவிடுகிறேன் என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"ஒரு துறைத் தலைவிக்குத் தன் துறையில் நடப்பது கடைசியாகத் தெரிய வேண்டும் என்கிறீர்கள்" என்றார்.

"உங்களால் அந்தப் பைகளைத் தூக்கி மாற்ற முடியாது. என்னாலும் முடியாது. எங்கே வைப்பது என்று நம் இருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்களுக்கு முதலில் தெரியட்டும்."

என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரியிடம் நான் பேசிய மிக நீளமான எதிர்ப்பேச்சு அதுதான். இலக்கணப் பிழையோடுதான் பேசினேன், வினைச்சொல் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "சரி, இன்றே ஓடட்டும். வெள்ளிக்கிழமை மறுபடி ஒத்திகை வைத்துப் பார்ப்போம். வேலை செய்யாவிட்டால் நான் வெளிக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போடுவேன். அது உங்களுக்குத் தெரியும்" என்றார்.

தெரியும் என்றேன்.

7

வியாழக்கிழமை லீவு போட்டிருந்தேன். மகளின் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க நகராட்சி அலுவலகத்தில் முறை கிடைப்பதே அபூர்வம், கிடைத்த நாளை விட்டால் மறுபடி அடுத்த பருவம்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் வழக்கம்போல என் குடும்பப் பெயரைக் கேட்டார். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பின்னால் இருக்கிறது, அது அவர் பெயர், குடும்பத்தின் பெயர் அல்ல என்று பத்து வருஷமாகச் சொல்லும் அதே கதையை ஆரம்பித்தேன். என் மகள் பாதியில் குறுக்கிட்டு, எனக்குப் பதிலாகத் தெளிவான ஜெர்மனில் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அந்த அம்மாள் சிரித்தபடி முத்திரை குத்தினார். பன்னிரண்டு வயதுப் பெண். எங்கள் ஊர் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் வரும் எதுவும் தன் போனில் சத்தம் எழுப்பாதபடி செய்து வைத்திருக்கிறாள். அவளுக்கும் அவளுடைய விதிகள் இருக்கின்றன. அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

அந்த அலுவலகத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும். வெளியே வந்து போனைப் போட்டேன். தவறிய அழைப்பு எதுவும் இல்லை. ஒரே ஒரு செய்தி இருந்தது. ரத்த ஃப்ரிட்ஜ், குளிர் நின்றது, பைகள் மாற்றப்பட்டன, முடிந்தது.

வெள்ளிக்கிழமைதானே ஒத்திகை, யாராவது விளையாடுகிறார்களா என்று ஹாத்திஜேயைக் கூப்பிட்டேன். விளையாட்டு இல்லை. நிஜமாகவே கம்ப்ரசர் நின்றுவிட்டதாம். மணி அடித்ததும் கூடத்தில் இருந்த இரண்டு பெண்கள் பைகளைப் பக்கத்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று ஒரு பெரிய ஆபரேஷன். அந்த நோயாளியின் ரத்த வகை அபூர்வமானது, அந்தப் பைகள் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருந்தன.

"ஒரு பைகூட வீணாகவில்லை" என்றார் ஹாத்திஜே. "டீ இன்னும் கையைச் சுடுகிறது."

நகராட்சி வாசலில் நின்றுகொண்டு அழுதேன். என் மகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு என் கையைப் பிடித்தாள். நீ அந்த ஆளைக் காப்பாற்றினாயா என்று கேட்டாள். இல்லை, நான் இங்கே உன்னோடு முறைக்குக் காத்துக்கொண்டிருந்தேன் என்றேன். பிறகு எதற்கு அழுகிறாய் என்றாள். அதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல எனக்கு எந்தப் பாஷையிலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகை தேவைப்படவில்லை. லிண்டமான் அம்மையார் என்னைக் கூப்பிட்டு, தனக்கு வந்த ஒரு வரிச் செய்தியைக் காட்டினார். "நான் மீட்டிங்கில் இருந்தேன். படித்துவிட்டு மீட்டிங்கைத் தொடர்ந்தேன். இந்தப் பதவிக்கு வந்த பிறகு இப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை" என்றார். பிறகு நிரந்தர வேலைக்கான காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.

அன்றே அம்மாவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் போன் வந்ததால் எடுத்ததுமே பதறினாள். ஒன்றுமில்லை, நல்ல சேதிதான் என்று நடந்ததைச் சொன்னேன். ஃப்ரிட்ஜ், மணி, அந்தப் பெண்கள், ஆபரேஷன்.

"அப்ப ஒன்னய யாரும் கூப்புடலையா புள்ள?"

"இல்லம்மா."

"ஐயோ, மறந்துட்டாங்களா?"

"இல்லம்மா. என்னக் கூப்பிடத் தேவையில்லாத மாதிரி நான்தான் செஞ்சு வச்சிருந்தேன்."

"என்னா வேலையோ போ! ஒன்னயக் கூப்புடாம இருக்கிறதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்கம்மா. இனிமே ரிட்டயர் ஆகுற வரைக்கும் குடுப்பாங்க. என்னப் பெர்மனண்ட் ஆக்கிட்டாங்க."

குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா?"

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் குரல் தூரத்தில், பாடியின் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் சேர்த்து, நான் ஒரு நாளும் கேட்டிராத சத்தத்தில் எழுந்தது.

"அடியே, எல்லாரும் கேளுங்க! எம்மவ பெர்மனண்ட் ஆயிட்டா! எங்க ஊட்டுல ஒருத்தி பெர்மனண்ட் ஆயிட்டா!"